100 கிராம்... ஒரு கிளாஸ் சாயா எடை! - நாகர்கோவிலிலிருந்து ஒரு மல்யுத்த ரசிகையின் குறிப்புகள்

தூரத்து ஒலிம்பிக்கையும் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தையும் போனில் பார்த்து ரசிக்கும் ஒரு ரசிகைக்கு, நம்ம ஊர் கபடிக் களம் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

2024 ஆகஸ்ட் 7. மதியம் சோறு போட்டு உட்கார்ந்த நேரம். தட்டில் சம்பா அரிசிச் சோறும் சாளை மீன் கறியும். பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. முதலில் கண்டுகொள்ளவில்லை. முந்தின நாள் ராத்திரி வினேஷ் போகத் ஒலிம்பிக் ஃபைனலுக்குப் போனதற்கு நான் போட்ட ஸ்டேட்டஸ்களுக்கு இன்னும் யாரோ ஹார்ட் விட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அம்மைதான் சொன்னாள், “யாருக்கும் என்னமும் ஆயிருக்கப்போவுது, எடுத்துப் பாரு.”

எடுத்துப் பார்த்தேன். ‘தகுதிநீக்கம்’ என்று இருந்தது. கீழே ஓர் எண். 50 கிலோ 100 கிராம்.

100 கிராம் என்றால் எவ்வளவு? வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே டீக்கடையில் நிற்கும்போது கையில் ஒரு சின்ன கண்ணாடி கிளாஸ் தருவார்களே, அதற்குள் இருக்கும் சாயா ஏறத்தாழ அவ்வளவுதான். நாலு மடக்கு. அந்த நாலு மடக்கில் ஒரு ஒலிம்பிக் பதக்கம் போனது.

அன்று வந்த மெசேஜ்களில் பாதி கோபம், பாதி அழுகை. ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. சவுதியில் வேலை பார்க்கும் என் அண்ணன் அனுப்பிய வாய்ஸ் நோட். 14 விநாடிதான். “பிள்ளே, பாத்தியா? எல்லாரும் அந்த 100 கிராமைப் பத்திப் பேசுதானுவ. அதுக்கு முந்தின ராத்திரி அந்தப் பொண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும் பாத்துக்கோ.”

அவனுக்கு எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில், மல்யுத்தத்துக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஊரில் இருந்துகொண்டு நான் எப்படி இதற்கு ரசிகை ஆனேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ட்ரம்ப் கார்டில் தொடங்கிய கதை

குமரி மாவட்டத்தில் விளையாட்டுக்குப் பஞ்சம் கிடையாது. தூத்தூர் பக்கம் கடற்கரைக்குப் போனால் ஃபுட்பால். உள்ளே வந்தால் கபடி, வாலிபால். அடிமுறையும் வர்ம வைத்தியமும் சிலம்பமும் பழகின மண். ஆனால் ‘மல்யுத்தம் பார்ப்பேன்’ என்று சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: “அதெல்லாம் சும்மா நடிப்புல்லா மக்கா?”

அவர்கள் கேட்பது டபிள்யூ.டபிள்யூ.இ-யைப் பற்றி. தப்பில்லை. நானும் அங்கிருந்துதான் வந்தேன். அண்ணனின் ட்ரம்ப் கார்டு கட்டைத் திருடித்தான் எனக்கு இந்த உலகமே அறிமுகம். உயரம், எடை, ரேங்க் என்று கார்டில் போட்டிருப்பதை வைத்துச் சண்டை போடுவோம்.

கொஞ்சம் வளர்ந்து, கையில் இன்டர்நெட் வந்த பிறகு, அந்தக் கார்டுகளில் இருந்த ஆட்களைத் தேடினேன். அப்போதுதான் தெரிந்தது, கர்ட் ஆங்கிள் கழுத்தில் தொங்கிய தங்கப் பதக்கம் நாடகச் சாமான் இல்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், 100 கிலோ ஃப்ரீஸ்டைல் பிரிவில் நிஜமாகவே ஜெயித்தது. பிராக் லெஸ்னர் 2000-ல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தின் ஹெவிவெயிட் சாம்பியன். நடிப்புக்கு முன்னால் நிஜம் இருந்திருக்கிறது. அந்த நிஜத்தைத் தேடிப் போனவள்தான், இன்னும் திரும்பவில்லை.

அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தம் ஒரு தனி உலகம். தேசிய ஃபைனல்கள் மார்ச் மாதம் சனிக்கிழமை இரவு நடக்கும். நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. பக்கத்துக் கோயிலில் ரெக்கார்டு போடுவதற்கு முன்னால் எழுந்து, போர்வைக்குள் போனை வைத்து லைவ் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். வீடியோத் துண்டுகள் யூடியூபில் பிறகுதான் வரும்.

“காலேஜ் பயலுவ சண்டையைப் பாக்க யாரு வருவா?” என்று சித்தப்பா ஒருமுறை கேட்டார். 2015 நவம்பரில் அயோவா பல்கலைக்கழகம் தன் அமெரிக்கன் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் ஓக்லஹோமா ஸ்டேட் அணியுடன் மல்யுத்தம் நடத்தியபோது வந்தவர்கள் 42,287 பேர் என்று சொன்னேன். நம்பவில்லை. போட்டோவைக் காட்டினேன். “இது கிரிக்கெட்டு கூட்டம்லா” என்றார்.

அந்த உலகத்தில் புராணங்களும் உண்டு. டேன் கேபிள் என்ற அயோவாக்காரர் பள்ளியிலும் கல்லூரியிலும் சேர்த்து 181 போட்டிகளை வரிசையாக ஜெயித்தார். கல்லூரியில் அவருடைய கடைசிப் போட்டி, 1970 தேசிய ஃபைனல். அதில் தோற்றார். இரண்டு வருஷம் கழித்து மியூனிக் ஒலிம்பிக்கில் ஒரு பாயின்ட்கூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வாங்கினார். கேல் சாண்டர்சன் கல்லூரியில் ஆடிய 159 போட்டிகளில் ஒன்றிலும் தோற்கவில்லை.

2025 மார்ச்சில் இன்னொன்று நடந்தது. டோக்கியோ ஒலிம்பிக் தங்கம் வாங்கி, டபிள்யூ.டபிள்யூ.இ வரை போய்விட்டு மறுபடி கல்லூரிக்கே திரும்பியவர் கேபிள் ஸ்டீவ்சன். அந்த டேன் கேபிளின் பெயரைத்தான் இவருக்கு வைத்திருக்கிறார்கள். இவரை ஃபைனலில் வயாட் ஹென்ட்ரிக்சன் கடைசி நேரத்தில் கவிழ்த்தார். ஸ்கோர் 5-4. நான் போட்ட சத்தத்தில் அம்மை எழுந்து வந்து கேட்டாள், “பாம்பா பிள்ளே?”

ஒரே விளையாட்டு, இரண்டு சட்டம்

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம்.

ஒலிம்பிக்கில் நாம் பார்ப்பது ஃப்ரீஸ்டைல். மூன்று மூன்று நிமிடமாக இரண்டு சுற்று. எதிராளியைக் கீழே கொண்டுவந்து பின்னால் போனால் 2 பாயின்ட். முதுகை மேட்டின் பக்கம் திருப்பினால் 2. தூக்கிப் போடும் பெரிய பிடிகளுக்கு 4, 5. வட்டத்துக்கு வெளியே தள்ளினால் 1. பத்துப் பாயின்ட் வித்தியாசம் வந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. இரண்டு தோளையும் மேட்டில் அழுத்திவிட்டால் ஸ்கோரைப் பார்க்கவே வேண்டாம், வெற்றி.

அமெரிக்கக் கல்லூரியில் ஆடுவது ‘ஃபோக்ஸ்டைல்’. மூன்று நிமிடம், இரண்டு நிமிடம், இரண்டு நிமிடம் என்று ஏழு நிமிடம். இங்கே எதிராளியைக் கீழே வைத்துக் கட்டுப்படுத்துவதற்கு மதிப்பு அதிகம். கீழே கிடப்பவர் தப்பித்து எழுந்தாலே அவருக்கு ஒரு பாயின்ட். மேலே இருப்பவர் ஒரு நிமிடத்துக்கு மேல் கூடுதலாக அமுக்கி வைத்திருந்தால் அவருக்கும் ஒரு பாயின்ட். கீழே கொண்டுவருவதற்கு முன்பு 2 பாயின்ட் கொடுத்தார்கள். 2023-24 சீசனிலிருந்து 3.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மேட்டில் ஏறுவதற்கு முன்னால் தராசில் ஏற வேண்டும். நான் ரொம்ப நாளாகக் கவனிக்காமல் விட்டது இந்தத் தராசைத்தான்.

பிரின்சிபால் அடகு வைத்த வீடு

‘நமக்குக் காலேஜ் மல்யுத்தம் எல்லாம் ஏது? நம்மது ஹரியானா அகாடாதானே’ என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் ஒரு கல்லூரியிலிருந்துதான் வந்தது.

காஷாபா தாதாசாகேப் ஜாதவ். மகாராஷ்டிராவில் கராட் பக்கம் கோலேஷ்வர் என்ற கிராமம். கோலாப்பூர் ராஜாராம் கல்லூரி மாணவர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆறாவது இடம். அடுத்த 1952 ஹெல்சிங்கிக்குப் போகக் கையில் காசில்லை. கல்லூரியின் பிரின்சிபால் தன் வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். ஜாதவ் வெண்கலத்தோடு திரும்பினார். கராட் ரயில் நிலையத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டுவண்டிகள் கட்டி ஊர்வலமாகக் கூட்டிப்போனார்கள். அவர் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, குஸ்திப் போட்டிகள் நடத்திப் பணம் திரட்டி பிரின்சிபாலின் கடனை அடைத்தது.

அதற்கடுத்த மல்யுத்தப் பதக்கத்துக்கு 56 வருஷம் காத்திருந்தோம். 2008 பெய்ஜிங்கில் சுஷில் குமார்.

நம் நாட்டில் கல்லூரி அந்த இடத்தை விட்டுவிட்டது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விடவில்லை. வினேஷ் முதல் சுற்றில் சந்தித்த யூய் சுசாகி, டோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகத்தில் படித்தவர். 50 கிலோவில் கடைசியில் தங்கம் வாங்கிய அமெரிக்காவின் சாரா ஹில்டெப்ராண்ட், கிங் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர். அந்த வகுப்பறைகளிலிருந்து வந்தவர்களோடுதான் நம் பிள்ளைகள் மோதுகிறார்கள்.

சந்தோஷமான அந்த ஒரே ஒரு நாள்

2024 ஆகஸ்ட் 6. மதியம் மூன்று மணி வாக்கில் முதல் ஆட்டம். எதிரே சுசாகி. டோக்கியோவில் ஒரு பாயின்ட்கூட கொடுக்காமல் தங்கம் வாங்கியவர். வெளிநாட்டு வீராங்கனை யாரிடமும் அதுவரை தோற்றதே இல்லை.

ஆபீஸில் வேலை செய்வதுபோல் பாவனை செய்துகொண்டு போனைக் கீபோர்டுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தேன். 0-2 என்று வினேஷ் பின்னால். கடைசி நொடிகள். சரி, ஜப்பான்காரியிடம் தோற்பதில் அவமானம் ஒன்றுமில்லை என்று மனசைத் தேற்றிக்கொள்ளும்போது, ஒரு தள்ளு. சுசாகி கீழே. ஜப்பான் தரப்பு முறையீடு செய்து தோற்றதில் இன்னொரு பாயின்ட். 3-2. நான் எழுந்து நின்றுவிட்டேன். எடிட்டர் பார்த்துவிட்டார்.

காலிறுதியில் உக்ரைனின் ஒக்சானா லிவாச், 7-5. இரவு பத்தரை மணி வாக்கில் அரையிறுதி, கியூபாவின் குஸ்மான், 5-0. இந்தியப் பெண் மல்யுத்த வீராங்கனை ஒருவர் ஒலிம்பிக் ஃபைனலுக்குப் போனது அதுதான் முதல் முறை. ரியோவில் முழங்கால் பிய்ந்து ஸ்ட்ரெச்சரில் போனவர், 2023-ல் டெல்லி ஜந்தர் மந்தரில் நடுத்தெருவில் உட்கார்ந்து போராடியவர் என்று அவர் கதையை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அவருடைய வழக்கமான பிரிவு 53 கிலோ. அந்த இடம் அந்திம் பங்காலுக்குப் போனதால், பாரிஸுக்காக 50-க்கு இறங்கினார். அன்று காலை தராசில் 49.9. மூன்று ஆட்டம் ஆட உடம்பில் தெம்பு வேண்டுமே, தண்ணீரும் சாப்பாடும் எடுத்த பிறகு மாலையில் 52.7. மறுநாள் காலை ஃபைனலுக்கு முன் மறுபடி தராசு. ஒரு பிரிவை இரண்டு நாளாக நடத்துவதும், இரண்டு நாளும் காலையில் எடை பார்ப்பதும் 2018-லிருந்து சர்வதேச விதி.

நான் ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டிருந்த அந்த ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை. உடற்பயிற்சி, வெந்நீராவி, வியர்வை. தலைமுடியை வெட்டினார்கள். உடையைக்கூடக் கத்தரித்தார்கள். 2.6 கிலோ குறைந்தது. 100 கிராம் போகவில்லை.

விதிப்படி அவர் கடைசி இடம். அரையிறுதியில் அவரிடம் தோற்ற குஸ்மான் ஃபைனல் ஆடினார். விளையாட்டுக்கான நடுவர் தீர்ப்பாயம் ஆகஸ்ட் 14-ல் வினேஷின் மனுவைத் தள்ளுபடி செய்தது. சில சர்வதேசப் போட்டிகளில் 2 கிலோ வரை எடைச் சலுகை உண்டு. ஒலிம்பிக்கில் கிடையாது.

அண்ணனின் 60 கிலோ

இனி அண்ணன் கதை.

நம்ம பக்கம் கபடி நோட்டீஸ் பார்த்திருப்பீர்கள். மேலே சாமி படம் அல்லது கட்சித் தலைவர் படம், கீழே முதல் பரிசு இத்தனை ஆயிரம், சுழற்கோப்பை உபயம் இன்னார். கூடவே ஒரு வரி இருக்கும்: ‘எடை: 60 கிலோ.’

அண்ணன் காலேஜ் இரண்டாம் வருஷம். எங்கள் பக்கத்து ஊர்த் திருவிழாப் போட்டி. அவன் ஊர் டீமின் ரைடர். அப்போது அவன் எடை 63. போட்டிக்கு நாலு நாள்.

முதலில் சோறை நிறுத்தினான். அம்மை மரச்சீனிக் கிழங்கு அவித்து வைத்தால் மணம் தாங்காமல் வெளியே போய்விடுவான். பிறகு தண்ணீரைக் குறைத்தான். உச்சி வெயிலில் ரெயின்கோட் போட்டு, அதற்கு மேல் ஜெர்கின் போட்டு, கால்வாய்க் கரையில் ஓட்டம். கடைசி நாள் வாயில் வரும் எச்சிலைக்கூடத் துப்பிக்கொண்டே இருந்தான். மளிகைக்கடையில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் மணிக்கொரு தரம் ஏறுவான். கடைக்கார அண்ணாச்சி, “எலேய், நீ என்ன சர்க்கரை மூட்டையா?” என்று சிரிப்பார். எங்களுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. ‘பயலுக்கு என்ன வைராக்கியம் பாரு’ என்று பாட்டா பெருமையாகச் சொன்னார்.

எடை பார்த்தபோது 59.8. டீமே விசிலடித்தது.

முதல் ஆட்டத்தின் இரண்டாம் பாதி. ரைடுக்குப் போனவன் கோட்டைத் தாண்டியதும் கெண்டைக்கால் இழுத்து மடங்கினான். யாரும் பிடிக்காமலே விழுந்தான். நடிக்கிறான் என்று எதிர் டீம் கத்தியது. இரண்டு காலும், பிறகு கையும் இழுத்தது. பேச்சு குழறியது. ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறிய பிறகுதான் அம்மையை அடையாளம் தெரிந்தது. “இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா கிட்னி கதை என்னாயிருக்கும்னு தெரியுமா?” என்று டாக்டர் கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்று நான் பன்னிரண்டாம் வகுப்பு.

உடம்பிலிருந்து கொழுப்பு நாலு நாளில் கிலோக்கணக்கில் போகாது. போவது பெரும்பாலும் தண்ணீர். தண்ணீர் குறைந்தால் ரத்தம் கெட்டியாகும். இதயம் வேகமாக அடிக்க வேண்டிவரும். வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வேலையை உடம்பால் செய்ய முடியாது. அந்த நிலையில் வெயிலில் ஓடுவது, ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் மலை ஏறும் வண்டி மாதிரி.

அண்ணன் பிழைத்தான். கபடியை விட்டான். அதனால்தான் அந்த 14 விநாடி வாய்ஸ் நோட்.

1997: ஒரு மாதத்தில் மூன்று மாணவர்கள்

அவன் மெசேஜுக்குப் பிறகுதான் நான் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தின் இன்னொரு பக்கத்தைத் தேடிப் படித்தேன். இத்தனை வருஷம் ஸ்கோர் மட்டும் பார்த்த எனக்கு இது தெரியாமல் போனது வெட்கமாக இருந்தது.

1997 நவம்பரிலும் டிசம்பரிலும், ஏறத்தாழ ஒரே மாதத்துக்குள், அமெரிக்காவில் மூன்று வெவ்வேறு கல்லூரிகளைச் சேர்ந்த மூன்று மல்யுத்த மாணவர்கள் இறந்தார்கள். வயது 19, 21, 22. மூன்று பேரும் எடை குறைக்கும்போதுதான் இறந்தார்கள். வியர்வை வெளியேறாத உடை போட்டுக்கொண்டு, சூடான இடத்தில், தண்ணீர் குடிக்காமல் உடற்பயிற்சி. என் அண்ணன் கால்வாய்க் கரையில் செய்த அதே வேலை.

அதன் பிறகு அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ விதிகளை மாற்றியது. ரப்பர் உடை, நீராவி அறை, சிறுநீர் மாத்திரை எல்லாவற்றுக்கும் தடை. எடைப்பிரிவுகளில் 7 பவுண்டு, அதாவது 3 கிலோவுக்கு மேல், கூட்டினார்கள். எடை பார்க்கும் நேரத்தைப் போட்டிக்கு மிக அருகில் கொண்டுவந்தார்கள். உடம்பை வற்ற வைத்துத் தராசில் ஏறிவிட்டு, ராத்திரி முழுக்க உட்கார்ந்து தண்ணீர் குடித்துத் தேற முடியாது என்றால், வற்ற வைப்பதிலேயே லாபமில்லையே!

எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு விதி. சீசன் தொடங்கும்போதே ஒவ்வொரு மாணவனுக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்து, உடம்பில் நீர் சரியாக இருக்கும்போது எடையும் கொழுப்பின் அளவும் பார்ப்பார்கள். ‘நீ இதற்குக் கீழே இறங்கக் கூடாது’ என்று ஓர் எடையை அப்போதே எழுதிவிடுவார்கள். அதை நோக்கி இறங்குவதிலும் வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது. 63 கிலோ இருந்த என் அண்ணனுக்கு இதன்படி ஒரு வாரத்தில் ஒரு கிலோகூட குறைக்க அனுமதி இருந்திருக்காது.

எடையைக் குறைக்கும் பழக்கம் அங்கே அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால், ‘இது பையனின் வைராக்கியம்’ என்று கடந்துபோகாமல், ‘இது நிர்வாகத்தின் பொறுப்பு’ என்று எழுதிவைத்தார்கள்.

கைதட்டிய நாம்

வினேஷுக்கு நடந்த மூன்றாம் நாள், ஆகஸ்ட் 9. அமன் ஷெராவத் 57 கிலோவில் வெண்கலம் வாங்கினார். 21 வயது. தனிநபர் பிரிவில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய மிக இளைய இந்தியர். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அவர் 13-5 என்று ஜெயித்த டேரியன் குரூஸ், 2017-ல் அமெரிக்கக் கல்லூரி சாம்பியன்.

மறுநாள் எல்லா இணையதளத்திலும் ஒரே தலைப்பு. அரையிறுதி முடிந்தபோது அமனின் எடை 61.5 கிலோ. பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ குறைத்துப் பதக்கம் வென்றார்! நானும் அந்தச் செய்தியை எழுதினேன். தலைப்பில் ஆச்சரியக்குறி போட்டேன். நன்றாக ஓடியது.

ஒரு வருஷம் கழித்து, 2025 செப்டம்பரில், குரோஷியாவின் சாக்ரெப்பில் உலக சாம்பியன்ஷிப். அதே அமன், அதே 57 கிலோ. தராசில் 1.7 கிலோ அதிகம். தகுதிநீக்கம். இப்போது கமென்ட் பகுதி முழுக்கத் திட்டு. பொறுப்பில்லை, திமிர், வாயைக் கட்ட முடியவில்லை. இந்திய மல்யுத்த சம்மேளனம் ஒரு வருஷம் தடை விதித்து, பிறகு விலக்கிக்கொண்டது.

பாரிஸில் ஒரே ராத்திரியில் 4.6 கிலோ குறைத்ததும், சாக்ரெப்பில் 1.7 கிலோ குறைக்க முடியாமல் போனதும் ஒரே உடம்புதான். முதலாவதற்குக் கைதட்டினோம், இரண்டாவதற்குக் கல் எறிந்தோம். வினேஷும் சுசாகியை ஜெயித்த அதே வாரத்தில்தான் ‘டயட் பார்க்கத் தெரியாதா?’ என்று கேட்கப்பட்டார்.

பாரிஸ் அரையிறுதியில் அமனை 10-0 என்று ஜெயித்து, ஃபைனலில் மூன்று முறை கல்லூரி சாம்பியனான அமெரிக்காவின் ஸ்பென்சர் லீயையும் வீழ்த்தித் தங்கம் வாங்கியவர் ஜப்பானின் ரெய் ஹிகுச்சி. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கான ஆசியத் தகுதிப் போட்டியில் 50 கிராம் அதிகம் என்று வெளியேற்றப்பட்டவர் இவர். சொந்த நாட்டில் நடந்த ஒலிம்பிக்கில் ஆட முடியாமல் போனது. வினேஷுக்கு அப்படி ஆனபோது, உலகம் முழுக்க ஆளுக்கொரு கருத்து சொல்லிக்கொண்டிருக்க, அந்த வலி தனக்குப் புரியும் என்று ஹிகுச்சி எழுதினார். என் அண்ணன் சொன்னதும் அதுதான். தராசில் ஏறியவருக்குத்தான் தெரிகிறது.

விதியை மதிக்கத்தான் வேண்டும். 50 கிலோ என்றால் 50 கிலோதான். அன்று மற்ற வீராங்கனைகளும் அதே பட்டினியைத் தாங்கித்தான் தராசில் ஏறினார்கள். 100 கிராமை மன்னித்தால் அடுத்தவர் 200 கேட்பார். இதை நான் இப்போது ஒப்புக்கொள்கிறேன். என் கேள்வி வேறு. 53 கிலோ ஆடும் ஒருவர் 50-க்கு இறங்கலாமா, இறங்கினால் இரண்டு நாள் தாங்குமா என்பதைப் போட்டியன்று காலைத் தராசுதான் சொல்ல வேண்டுமா? சீசன் தொடக்கத்தில் ஒரு டாக்டர் சொல்லக் கூடாதா?

வினேஷ் அப்போது ஓய்வு அறிவித்தார். ஹரியானாவின் ஜுலானா தொகுதியில் ஜெயித்து எம்.எல்.ஏ ஆனார். 2025 டிசம்பரில், 2028 லாஸ் ஏஞ்சல்ஸை நோக்கி மறுபடி களமிறங்குவதாகச் சொல்லியிருக்கிறார். நான் பார்ப்பேன். இந்த முறை அவர் எந்த எடைப்பிரிவில் ஆடப்போகிறார் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஊர்க் களத்தில் ஒரு நோட்டு

கடந்த திருவிழாவுக்கு அண்ணன் லீவில் வந்திருந்தான். கபடிக் கமிட்டியில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். நோட்டீஸில் இந்த முறையும் ‘எடை: 60 கிலோ’ என்றுதான் போட்டிருந்தது. அவன் சண்டை போட்டு இரண்டு விஷயம் செய்யவைத்தான்.

ஒன்று, எங்கள் ஊர் டீம் பையன்களின் எடையைப் போட்டிக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே பார்த்து ஒரு நோட்டில் எழுதவைத்தான். 63-க்கு மேல் இருப்பவனுக்கு 60 கிலோ டீமில் இடமில்லை. அவனுக்கு அடுத்த பிரிவு. இரண்டு, கடைசி வாரத்தில் யாராவது ரெயின்கோட் போட்டு ஓடுவதைப் பார்த்தால் அவன் பெஞ்ச்.

பையன்கள் முணுமுணுத்தார்கள். நல்ல ரைடர் ஒருவன் 64-ல் நின்றதால் வெளியே உட்கார வேண்டிவந்தது. “அண்ணே, நாலு நாள் தாங்க, இறக்கிக் காட்டுதேன்” என்று அவன் கெஞ்சினான். அண்ணன் அசையவில்லை. எங்கள் டீம் அரையிறுதியில் தோற்றது. அந்த ரைடர் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று ஊரில் இன்னும் பேச்சிருக்கிறது. இருக்கலாம்.

வீட்டில் விளையாடும் பிள்ளை இருந்தால், கபடியோ மல்யுத்தமோ பளுதூக்குதலோ எதுவாக இருந்தாலும், இதைக் கவனியுங்கள். போட்டிக்கு முன் சோறு வேண்டாம் என்கிறதா, தண்ணீர் குடிக்காமல் இருக்கிறதா, வெயிலில் கனத்த உடை போட்டு ஓடுகிறதா? ‘என்ன வைராக்கியம்’ என்று பெருமைப்படாதீர்கள். கோச்சிடம் போய்க் கேளுங்கள். டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

எடை பார்க்கும் அன்று சாயங்காலம் நானும் போயிருந்தேன். பஞ்சாயத்து ஆபீஸ் திண்ணையில் எலெக்ட்ரானிக் தராசு. பையன்கள் வரிசையாக ஏறி இறங்கினார்கள். 58.4. 59.1. 57.9. கடைசியாக வந்தவன் ஒல்லிப் பையன், முகத்தில் பயம். 59.6 என்று காட்டியதும் கையெடுத்துக் கும்பிட்டான்.

அண்ணன் நோட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தான். பக்கத்துக் கடையிலிருந்து கிளாஸ்கள் வந்திருந்தன. ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினான்.

“வெயிட் பாத்தாச்சுல்லா? வா மக்கா, சாயா குடி.”